கொள்ளுத் தண்ணீர்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊட்டி படகு இல்லத்தை மூடியபோது எங்கள் லாயத்தில் மூன்று குதிரைகள் நின்றன. நவம்பரில் நீர்ப்பனி விழ ஆரம்பித்தபோது மிச்சம் இருந்தது ஜூலி மட்டும்தான். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு, அப்பாவின் தோளைத் தாண்டாத உயரம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையிலிருந்து அப்பா பிடித்துக்கொண்டு வந்த மட்டக்குதிரை. அதற்கப்புறம் ஊட்டிக்கு வந்த எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் முதன்முதலாகக் குதிரை ஏறியது அவள் முதுகில்தான். என் படிப்பு, தங்கையின் கல்யாணம், அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாமே அந்த முதுகு சம்பாதித்த காசு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் செய்ததை யாராவது தர்மம் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது நாங்கள் அவளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி.

ஊட்டியில் குதிரை வைத்துப் பிழைப்பவர்களுக்கு வருஷம் என்றால் இரண்டு சீசன். ஏப்ரலும் மேயும் பெரிய சீசன், செப்டம்பரும் அக்டோபரும் சின்ன சீசன். அந்த நான்கு மாதம் கையில் வருவதை வைத்துத்தான் மழைக்காலத்தையும் பனிக்காலத்தையும் தாண்ட வேண்டும். குதிரையின் தீனி, லாடம், லாயத்து வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்த வருஷம் பெரிய சீசனே இல்லை. மலர்க் கண்காட்சி நடக்கவில்லை. மற்ற மாவட்டங்களுக்கு இ-பாஸ் தேவையில்லை என்று ஆன பிறகும் நீலகிரிக்கு வர வெளியூர்க்காரர்கள் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. செப்டம்பரில் தாவரவியல் பூங்காவைத் திறந்தார்கள். படகு இல்லம் அப்போதும் பூட்டித்தான் கிடந்தது. மேட்டுப்பாளையத்து மலை ரயிலின் வழக்கமான சேவை மறுபடி தொடங்கியது டிசம்பர் 31 அன்றுதான். நான் ஓட்டிக்கொண்டிருந்த டூரிஸ்ட் டாக்சியை அதன் சொந்தக்காரர் ஜூன் மாதமே விற்றுவிட்டார். நானும் அம்மாவும் கேத்தி பாலாடா பக்கம் கேரட் அறுவடைக்குப் போனோம். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கூலியில்.

அந்த மாதங்களில் ஊரில் குதிரைகள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான். தீனி போட வழியில்லாமல் பலர் அவிழ்த்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைக்குப் பால் வாங்கவே காசில்லாத வீட்டில் கொள்ளுக்கு எங்கே போவது? குதிரைகள் கூட்டமாக மார்க்கெட்டுக்கு இறங்கின. முட்டைக்கோஸ் இலையோடு அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையையும் சேர்த்து விழுங்கின. வண்டி ஓடாத சாலையின் நடுவே படுத்துக் கிடந்தன. தன்னார்வலர்கள் சிலர் வைக்கோலும் தவிடும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் இன்னும் பல குதிரைகள் போயிருக்கும்.

எங்கள் மூன்றில் ஒன்றை கூடலூர் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் வாங்கிக்கொண்டார். இன்னொன்றை மைசூர்க்காரர் ஒருவர் லாரி கொண்டுவந்து ஏற்றிப்போனார். அவர் ஜூலியையும் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டார். ஆடி மாதம் அந்தியூருக்குக் கொண்டுபோகலாம் என்றாலும் திருவிழாக்களுக்கே தடை, சந்தை எங்கே கூடும்? "அவிழ்த்து விட்டுருங்க, மத்ததுங்க கூட மேஞ்சு பொழைச்சுக்கும்" என்று அப்பாவிடம் பலர் சொன்னார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் லாயத்துக் கதவின் தாழ்ப்பாளை மாற்றினார்.

ஜூலிக்கு உடம்பு சரியில்லை என்பது நவம்பரில்தான் தெளிவாகத் தெரிந்தது. முதல் அடையாளம் தரையில் கிடந்தது. பாதி மென்ற வைக்கோல் ஈரமான உருண்டைகளாக அவள் வாயிலிருந்து விழுந்து கிடந்தது. காலையில் பெருக்கும்போது ஒன்றைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். வைக்கோல் நசுங்கியிருந்ததே தவிர அறுபடவே இல்லை. இரண்டாவது அடையாளம் மயிர். பனிக்காலத்துக்குக் குதிரைக்கு மயிர் அடர்வது வழக்கம்தான். ஆனால் போன கோடையில் உதிர வேண்டிய மயிரே உதிராமல், அதன் மேலேயே புதியது வளர்ந்து சுருண்டு தொங்கியது. அந்த அடர்த்திக்கு அடியில் கைவிட்டால் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவள் கொழுகொழுவென்று இருப்பதுபோலத் தோன்றியது.

கால்நடை டாக்டரம்மா வந்து வாயைத் திறந்து பார்த்தார். மேல்வரிசை ஓரப் பல்லில் ஒரு பள்ளக்கோடு ஓடும். பத்து வயதுவாக்கில் ஈறோரம் தோன்றி, பதினைந்தில் பாதிப்பல் வரை இறங்கி, இருபதில் பல் முழுக்க நீளும். அதற்கப்புறம் மேலிருந்து மறைந்துகொண்டே வரும். ஜூலிக்கு மேல்பாதி மறைந்திருந்தது. "இருபத்தஞ்சு இருக்கும், கூடவே இருக்கலாம்" என்றார். குதிரையின் பல் வாழ்நாள் முழுக்கத் தேயத் தேய மேலே வந்துகொண்டே இருக்கும். ஒரு வயதுக்கு மேல் வருவதற்குப் பல் இருக்காது. கடைவாய்ப் பல் இரண்டு விழுந்தேவிட்டன. மயிர் உதிராததற்கும் முதுகுத் தசை கரைந்ததற்கும் குஷிங்ஸ் என்ற நோய் காரணமாக இருக்கும் என்றார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வயதான குதிரைகளுக்குக் கட்டுப்பாடு தவறிப்போகுமாம். அதற்குப் பெர்கோலைடு என்று ஒரு மாத்திரை உண்டு, எங்களுக்கு அது கிடைக்கவில்லை. "அப்ப தீனியிலயும் பராமரிப்புலயும்தான் பாத்துக்கணும்" என்றார். அவர் சொன்னதையெல்லாம் நான் கேரட் மூட்டைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

அதில் முதல் வரியே எனக்கு இடி. கேரட் கூடாது. அறுவடையில் உடைந்ததும் வெடித்ததும் என்று மூட்டை மூட்டையாக இலவசமாகக் கிடைக்கிற ஒரே தீனி அதுதான். அவளுக்கு உயிர். ஆனால் இந்த நோய் உள்ள குதிரைக்குச் சர்க்கரை ஏறினால் குளம்புக்குள் வீக்கம் வரும், நிற்கவே முடியாமல் போகும் என்றார் டாக்டரம்மா. வெல்லமும் கூடாது. வைக்கோலைப் பொடியாக நறுக்கி ஊறவைக்க வேண்டும். கொள்ளை நன்றாகக் குழைய வேகவைக்க வேண்டும். உடம்பு தேற ஒரு கரண்டி கடலை எண்ணெய் சேர்க்கலாம், அதில் சர்க்கரை இல்லை. ஒரே வேளையில் நிறைய வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை வைக்க வேண்டும். கடைசி வரி, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதன் முக்கியம் எனக்கு அப்போது புரியவில்லை, டிசம்பரில் புரிந்தது.

நவம்பர் கடைசியில் நிவர் புயல் கரையைக் கடந்தது. அது முடிந்த சூட்டோடு டிசம்பர் தொடக்கத்தில் புரெவி. கடலோரத்தில் அடிக்கிற புயலுக்கு மலையில் என்ன என்று தோன்றும். எங்களுக்கு அது நாள்கணக்கில் நிற்காத சாரலும் எலும்புக்குள் நுழைகிற காற்றுமாக வந்தது. எங்கள் லாயம் காந்தளில் பள்ளமான இடத்தில் இருக்கிறது. அந்த ஈரக் குளிரில் ஜூலி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். தொட்டித் தண்ணீரில் விரலை வைத்தால் விரல் மரத்துப்போகும். பல் தேய்ந்த வாய்க்கு அது எப்படி இருந்திருக்கும்?

ஒரு ராத்திரி கொள்ளை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் முன்னங்காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்தாள். கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தாள். படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். மத்தியானத்திலிருந்து சாணம் போடவில்லை என்று அம்மாதான் கவனித்துச் சொன்னாள். அப்பா ஜூலியின் விலாவுக்குப் பின்னால், அடிவயிற்றில் காதை வைத்துக் கேட்டார். ஆரோக்கியமான குதிரையின் வயிறு சும்மா இருக்காது. குடம் உருளுகிற மாதிரி எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும். அப்பா இந்தப் பக்கம் கேட்டார், அந்தப் பக்கம் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது எதுவானாலும் பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். அத்தனை நீளக் குடலில் எங்கோ ஓரிடத்தில், தண்ணீர் போதாமல் வைக்கோல் கட்டியாக அடைத்துக்கொண்டால் குதிரை வலியிலேயே செத்துப்போகும். குதிரைக்காரர்கள் பயப்படுகிற சாவு இதுதான். லாயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாய் குடையோடு வந்தார். அவர் தாத்தா காலத்திலிருந்து குதிரை வைத்திருப்பவர்கள். "நடக்க வெச்சுப் பாரு தம்பி, ஆனா ஓட விடாதே. உருண்டான்னா குடல் முறுக்கிக்கும்" என்றார். நானும் அவருமாக மாற்றி மாற்றி மழையில் அவளைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நாலடி வைப்பாள், நிற்பாள். அப்பா டாக்டரம்மாவுக்குப் போன் மேல் போன் போட்டார்.

டாக்டரம்மா அந்த ராத்திரியில் ஸ்கூட்டியில் வந்தார். மழைக்கோட்டைக் கழற்றாமலே தாடைக்கு அடியில் விரலை வைத்து நாடி பார்த்தார். சும்மா நிற்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு நாற்பத்து நாலுக்குள் இருக்க வேண்டுமாம். ஜூலிக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. வலி ஊசி போட்டார். பிறகு நீளமான ரப்பர் குழாயை மூக்கின் வழியே உள்ளே செலுத்தினார். குழாய் மூச்சுக்குழாயில் போய்விட்டால் ஆபத்து என்பதால், கழுத்தின் இடப்பக்கம் அது இறங்குவதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே செலுத்தினார். நான் ஜூலியின் தலையைப் பிடித்திருந்தேன். அவள் கண்ணின் வெள்ளை தெரிந்தது. ஆனால் திமிறவில்லை. லிக்விட் பாரஃபினும் வெதுவெதுப்பான தண்ணீருமாகப் புனல் வழியே ஊற்றினோம். அம்மா விறகடுப்பில் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் கொண்டுவந்துகொண்டே இருந்தாள்.

விடிகிற நேரத்துக்கு வயிற்றில் மெல்ல ஒரு குமுறல் கேட்டது. வெளிச்சம் வந்த பிறகு சாணம் போட்டாள். சின்னச் சின்னதாக, கறுப்பாக, மேலே எண்ணெய் மினுங்க. "போட்டுட்டா, போட்டுட்டா" என்று அம்மா தெருவுக்கே கேட்கிறமாதிரி கத்தினாள். பாய் தொழுகை முடித்து வருகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினார். டாக்டரம்மா கிளம்பும்போது பணம் எதுவும் வாங்கவில்லை. "தண்ணி, தண்ணி, தண்ணி" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பு ஜூலியைச் சுற்றித்தான் எரிந்தது. கொள்ளு வேகிற தண்ணீரை அம்மா வடித்து எடுப்பாள். அதில் கல்லுப்பு ஒரு பிடி போட்டு, பச்சைத் தண்ணீர் கலந்து, குழந்தைக்கு ஊற்றுகிற பக்குவத்துக்குக் கொண்டுவருவாள். உப்பு இருந்தால் தாகம் எடுக்கும். கொள்ளின் வாசனை இருந்தால் ஜூலி வாளியில் வாயை வைப்பாள். அப்பா முழங்கையை விட்டுப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வாளி லாயத்துக்குப் போகும். குதிரை குடிப்பதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு மடக்கு இறங்கும்போதும் காது இரண்டும் பின்னும் முன்னுமாக ஒரு தடவை அசையும். வாளிக்குள் தலை மறைந்திருக்கும், காது மட்டும் கணக்குச் சொல்லும். அப்பா அந்தக் காதுகளைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேரட் தோட்டத்துக்குக் கிளம்ப இருட்டில் எழுகிற நான், முதல் வாளியைக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். ராத்திரி கடைசி வாளி அப்பாவுடையது.

குளிரைப் பற்றி நான் நினைத்திருந்ததும் அந்த வருஷம் மாறியது. பனிதான் குதிரையைக் கொல்லும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நனையாத மயிர் சிலிர்த்து நின்று காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் காற்றுதான் அதன் கம்பளி. வயிற்றில் நார்த்தீனி இருந்தால் அது பின்குடலில் புளிக்கும்போது சூடு பிறக்கும். அதுதான் அதன் அடுப்பு. மயிரும் உலர்ந்து, வயிறும் நிறைந்திருந்தால் வறண்ட குளிரைக் குதிரை தாங்கிக்கொள்ளும். தாங்க முடியாதது மழையும் காற்றும் சேர்ந்து வருவது. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை போகவே மனசில்லாமல் நின்றது. பொங்கல் அன்றைக்கும் மழை. ஜனவரி 19 அன்றுதான் பருவமழை விலகியதாக வானிலை மையம் அறிவித்தது. தை பிறந்த பிறகும் ஊட்டியில் இப்படிப் பெய்து அப்பா பார்த்ததில்லையாம்.

லாயத்தின் தகரக் கூரையில் ஆணி ஓட்டைகள் எல்லாவற்றிலும் ஒழுகியது. சீசன் விளம்பரத்துக்குக் கட்டி, யாரும் வராமல் வெளுத்துப்போன ஃப்ளெக்ஸ் பேனர்களை நானும் பாயின் மகனும் வாங்கி வந்து கூரைக்குள் கட்டினோம். காற்று வருகிற பக்கத்துக்குச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டோம். மரக்கடையிலிருந்து மரத்தூள் மூட்டை கொண்டுவந்து தரையில் தடிமனாகப் போட்டோம். அப்படியும் நனைந்தாள். நனைந்தால் வைக்கோலைப் புரியாக முறுக்கி, மயிரின் போக்குக்கு எதிராகத் தேய்க்க வேண்டும். முதுகு, விலா, இடுப்பு, தொடை. தேய்க்கத் தேய்க்க மயிரிலிருந்து ஆவி கிளம்பும். அவள் உடம்பு லேசாக என் மேல் சாயும். காதின் அடியைத் தொட்டுப் பார்த்தால் சூடு திரும்பியிருக்கும். அப்புறம்தான் அம்மாவின் பழைய கம்பளியைப் போட்டுச் சாக்கை மேலே கட்டுவேன். ஈரத்தின் மேல் கம்பளி போட்டால் குளிரை உள்ளே பூட்டிவைத்த மாதிரி ஆகிவிடும்.

மழை விட்டது. வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்தது. அடுத்து வந்தது உறைபனி. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிவுகளிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தாவும் குதிரைப்பந்தய மைதானமும் காந்தளும் விடிகாலையில் வெள்ளையாகக் கிடக்கும்போது, கொஞ்சம் மேலே இருக்கும் தெருக்களில் ஒன்றும் இருக்காது. சுற்றுலா வந்தவர்கள் அந்த வெள்ளையைக் கையில் அள்ளிப் படம் எடுத்துக்கொள்வார்கள். தேயிலைக்காரர்களும் காய்கறி போட்டவர்களும் கருகிய இலையைப் பார்த்துத் தலையில் கைவைத்திருப்பார்கள்.

உறைபனி நாட்களில் வெயில் அருமையாக இருக்கும். பத்து மணிக்கு மேல் அந்த வெயிலில் ஜூலி கொஞ்சம் மேய்ந்தால் நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். டாக்டரம்மா கூடாது என்றார். பகலில் வெயில் பட்டுப் புல் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் தயாரித்துவிடும். ராத்திரி குளிரில் புல் வளராது. வளராததால் செலவாகாமல் அது இலையிலேயே தங்கிவிடும். காலையில் கருகியும் கருகாமலும் நிற்கிற அந்தப் புல் ஜூலிக்குக் கேரட்டைவிட மோசம். பனிக்காலத்தில் எப்போதும் மேய்ந்து பழகியவளுக்கு இதை எப்படிச் சொல்வது? ஒருநாள் நாங்கள் தோட்டத்திலும் அப்பா ரேஷன் வரிசையிலும் இருந்த நேரம், கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரிக்கரைச் சரிவுக்குப் போய்விட்டாள். பாயின் மகன்தான் பிடித்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் அவள் நின்ற நிலையே சொல்லிவிட்டது. முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, உடம்பின் பாரத்தைப் பின்னால் சாய்த்து நின்றாள். ஒரு காலைத் தூக்கினால் மற்றதில் பாரம் ஏறும் என்று எந்தக் காலையும் தூக்க விடவில்லை. குளம்பில் கைவைத்தால் சூடு. கணுக்காலுக்குப் பின்னால் விரலை வைத்தால் நாடி விரலை முட்டியது. குளம்பின் ஓட்டையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைத்துப் பிடித்திருக்கும் சவ்வில் அழற்சி. முற்றினால் எலும்பு பிடிமானம் இழந்து கீழே இறங்கிவிடும். லாமினைடிஸ். கேள்விப்பட்டிருந்தேன், எங்கள் வீட்டுக் குதிரைக்கு அதுவரை வந்ததில்லை.

அன்று அந்தப் பாழாய்ப்போன குளிர் எங்களுக்கு உதவியது. தொடக்கத்திலேயே குளம்பைக் குளிரவைத்தால் அழற்சி அடங்கும் என்றார் டாக்டரம்மா. ராத்திரியெல்லாம் வெளியில் கிடந்து மேலே ஏடாகப் பனிக்கட்டி படிந்த தண்ணீரைப் பழைய பெயின்ட் வாளிகளில் நிரப்பி, அவள் முன்னங்கால்களை அதற்குள் நிறுத்தினோம். தண்ணீர் குளிர் குறையக் குறைய மாற்றினோம். வாய்க்குச் சூடாக ஒரு வாளி, காலுக்கு உறைந்தது ஒரு வாளி. லாடக்காரர் வந்து லாடத்தைக் கழற்றினார். அடிப்பாதத்தில் பாரம் பரவுவதற்கு என்று தெர்மாகோலைக் குளம்பின் அளவுக்கு வெட்டி, அகலமான டேப்பால் சுற்றிக் கட்டினோம். தெர்மாகோலுக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஃபிரிட்ஜ் கடையில் வேலை பார்க்கிற என் மச்சான் ஒரு ஆட்டோ நிறையக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். நசுங்கியதைக் கழற்றிவிட்டுப் புதிதாக வெட்டிக் கட்டுவது என் தினசரி வேலையாயிற்று.

அந்த வாரத்தில்தான் பாய் அந்தப் பேச்சை எடுத்தார். எவ்வளவு தயங்கி எடுத்தார் என்று எனக்குத் தெரியும். தன் குதிரைகள் பலவற்றைக் கையாலேயே புதைத்தவர் அவர். "அண்ணே, அது பட்டது போதும். டாக்டரம்மாகிட்ட ஒரு ஊசி கேளுங்க. நோகாம போயிரும்" என்றார். அப்பா டாக்டரம்மாவிடமே கேட்டார். அவர் நேராகப் பதில் சொன்னார்: "தீனி எடுக்கிற வரைக்கும், படுத்தா தானா எழுந்திருக்கிற வரைக்கும், நீங்க உள்ள வந்தா தலை நிமிர்ந்து பாக்கிற வரைக்கும் பாக்கலாம். இதுல ரெண்டு நின்னுபோச்சுன்னா கூப்பிடுங்க. நான் வரேன். அப்ப தள்ளிப்போடாதீங்க, அது உங்களுக்காக அதை நோக வெக்கிறது."

அப்பா அதை ஒத்துக்கொண்டார். அவர் பிடிவாதக்காரர் என்று நினைத்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்தது. அதற்கப்புறம் தினமும் விடிந்ததும் லாயத்துக் கதவைத் திறந்து, உள்ளே போகாமல், வாசலிலேயே நிற்பார். அவள் தலை நிமிர்ந்து பார்க்கிறாளா என்று பார்ப்பார். நிமிர்ந்தால்தான் உள்ளே போவார். நானும் சில நாள் அவர் பின்னால் நின்றிருக்கிறேன். அவள் தலை திரும்பும் வரைக்கும் அந்த மனிதர் மூச்சு விடமாட்டார்.

ஒரு சில நாள் அவளால் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. ஆனால் எழுந்தாள். தீனியை ஒருநாளும் விடவில்லை. பிப்ரவரி பாதியில் குளம்புச் சூடு இறங்கியது. மாதக் கடைசியில் மரத்தூளின் மேல் நாலடி, பிறகு லாயத்தைச் சுற்றி ஒரு நடை. உறைபனியும் அதோடு போயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக்கு நிற்கும் ஒவ்வொரு குதிரைக்கும் ஒருநாள் வயதாகும். சீசனில் அதன் முதுகில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் யாரும் அதை யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்க வேண்டியதும் அவர்கள் வேலை இல்லை. ஆனால் இந்த ஊர் அவற்றை வைத்தும் சம்பாதிக்கிறது. தெருவில் திரிகிற குதிரையைப் பிடித்துக் கட்டவும், சொந்தக்காரருக்கு அபராதம் போடவும் ஏற்பாடு இருக்கிறது. அது மட்டும் போதாது. சவாரியிலிருந்து நின்ற குதிரை ஒரு பனிக்காலத்தைக் காய்ந்த தரையில் நின்று கழிக்க ஒரு கொட்டகை வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும், பல் பார்க்க வருஷத்துக்கு ஒரு முறையாவது டாக்டர் வேண்டும். நாங்கள் செய்ததில் பணத்தால் செய்தது கொஞ்சம்தான். அம்மாவின் அடுப்பும், பாயின் அனுபவமும், மச்சானின் தெர்மாகோலும், ராத்திரியில் போனை எடுத்த ஒரு டாக்டரம்மாவும் இருந்தார்கள். இவர்கள் யாரும் இல்லாத லாயங்களில் அந்த வருஷம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், நான் பார்த்தேன்.

மார்ச்சில் வெயில் ஏறியபோதும் ஜூலியின் மயிர் உதிரவில்லை. அம்மா தையல் கத்தரிக்கோலை எடுத்துவந்து, நாலைந்து மத்தியானம் உட்கார்ந்து வெட்டிவிட்டாள். உள்ளிருந்து வெளிவந்த உடம்பு ஒல்லிதான். ஆனால் விலாவின் மேல் லேசாகச் சதை பிடித்திருந்தது. படகு இல்லம் திறந்திருந்தது, ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் லாயத்துப் பக்கம் வந்து, "இந்தக் குட்டிக் குதிரை சும்மாதானே நிக்குது, பாப்பாவை ஒரு ரவுண்டு ஏத்தலாமா?" என்று கேட்டது. கையில் பணமும் நீட்டினார்கள். வீட்டில் அன்றைக்கு அது தேவையும்கூட. அப்பா அந்தப் பாப்பாவைத் தூக்கி ஜூலியின் கழுத்தைத் தொட்டுப் பார்க்க விட்டார். "இது வேலையிலிருந்து நின்னுடுச்சு கண்ணு" என்று சொல்லி, பாயின் குதிரையைக் கைகாட்டினார்.

அந்தச் சீசனும் நிலைக்கவில்லை. இரண்டாவது அலை வந்தது. 2021 ஏப்ரல் 20 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் சுற்றுலாப் பயணிகள் வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. டிவியில் செய்தி ஓடியபோது நாங்கள் எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம். அம்மா கொள்ளு டப்பாவைத் திறந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார். லாயத்தில் காற்று வருகிற பக்கம் சாக்குக்குப் பதிலாகச் சுவர் எழுப்ப எத்தனை ஹாலோபிளாக் பிடிக்கும், மழைக்கு முன்னால் முடித்துவிடலாமா என்று கேட்டார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போனேன்.